படிக்குப் பயந்து படகேறிய கொடிமரம்

பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு புத்தமடத்தில் போய்ப் படுத்தவர்களை இந்த யாங்கோனில் பார்த்திருக்கிறேன். மாமியாருக்குப் பயந்து மலேசியாவுக்கே போனவரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் மாடிப்படிக்குப் பயந்து தண்ணீரில் குடியேறிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கொடிமரம்.

கொடிமரம் என்பது பெயர் அல்ல. உண்மையான பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கும். அந்த அம்மாள் அதை வாய்விட்டுச் சொல்லி யாரும் கேட்டதில்லை. தாமுவே பகுதியில் எங்கள் தெருவில் துணி காயப்போடும் கயிற்றை மற்றவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், அவர் நெற்றியால் இடிப்பார். உயரம் மட்டும் என்றால் பரவாயில்லை. கடப்பாரையை விழுங்கியவர் மாதிரி ஒரு நிமிர்வு வேறு. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும், ஒரு ரயிலையே நிறுத்தப்போகிறவர் போலத்தான் தெருவில் நடப்பார்.

அந்த உயரத்தால் உலகத்துக்குக் கிடைத்த ஒரே நன்மை, எங்கள் அம்மன் கோயில் பல்லக்கு. முன்பக்கத்தில் வலது தண்டு அவருடையது, இடது தண்டு என்னுடையது. நானும் உயரந்தான், ஆனால் அதற்காகக் கூச்சப்படுகிற ரகம். ஒரே உயரத்தில் இரண்டு தோள் கிடைப்பது, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஜாதகம் பொருந்துவதைவிடக் கஷ்டம். கிடைத்துவிட்டால் கோயில்காரர்கள் விடமாட்டார்கள். கொடிமரத்துக்கு அந்த வலது தண்டுதான் சொத்து, பதவி, மரியாதை எல்லாம். "வருசத்துல ஒரு நாள் அந்தத் தண்டுக்குக் கீழ நிக்கத்தாண்டா மிச்ச நாளெல்லாம் சாப்பிடுறேன்" என்பார். மிச்ச நாளெல்லாம் அவர் சாப்பிடுவதைப் பார்த்தவர்கள் அதை நம்புவார்கள்.

அவர் வீடு ஆறாவது மாடியில். எங்கள் ஊர் அடுக்குமாடிகளின் படிக்கட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏணியாகப் பிறந்து, சுவருக்குள் மாட்டிக்கொண்ட பொருள் அது. மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் கீழே இருந்து வாளியில் தண்ணீர் சுமக்க வேண்டும். எல்லோரும் சுமக்கிறோம், எல்லோரும் திட்டுகிறோம், அதோடு சரி. கொடிமரம் மட்டும் ஒரு நாள் காலை மூன்றாவது மாடித் திருப்பத்தில் வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கீழே இறங்கி வந்தார். வாளி வரவில்லை.

"இனிமே இந்தப் படியில கால் வைக்க மாட்டேன். படி ஏறுறது குரங்கு செய்யுற வேலை" என்று தேநீர்க்கடையில் அறிவித்தார்.

"அப்போ தரைவீடா பாருங்கண்ணே" என்றேன்.

"தரைவீட்டுக்கும் வாசப்படி இருக்கும்ல?"

மறுவாரம் பானை செய்கிற ஊரான த்வாண்டேக்குப் போய், பானை ஏற்றுகிற ஒரு கிழட்டுப் படகை வாங்கிவிட்டார். படியே இல்லாத வீடு உலகத்தில் அது ஒன்றுதானாம். இந்த மனிதர் அக்கரையில் இருக்கும் டலாவுக்குப் போகிற பெரிய ஃபெரியில் ஏறினாலே கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடுகிறவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படகைப் பஸுண்டாங் ஓடைக்குக் கொண்டுவந்து கட்டினார். நான் லத்தா பகுதியில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற மொத்தக்கடையில் வேலை பார்க்கிறேன். கட்டுவதற்கு நல்ல கயிறு வேண்டும் என்று சொல்லி அனுப்பியதால் நான்தான் எடுத்துப் போனேன். பார்த்ததும் சிரிப்பு வந்தது, மரியாதைக்காக இருமினேன். நீளத்துக்குக் குறைவில்லை. கொடிமரத்தைப் போல மூன்று பேரை வரிசையாகப் படுக்க வைக்கலாம். அகலந்தான் பானைக்குப் போதும், மனிதனுக்குப் போதாது. மேலே வளைத்துக் கட்டிய மூங்கில்பாய்க் கூரை, என் தோள் உயரம். த்வாண்டேப் பானைகள் குள்ளமானவை, அவை இதுவரை புகார் சொன்னதில்லை.

"எப்படிடா நம்ம பங்களா?" என்று எழுந்தார். கூரையில் தலை இடித்தது. உட்கார்ந்தார். "காத்தோட்டம் எப்படி?" என்று மறுபடியும் எழுந்தார். மறுபடியும் இடித்தது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் தலை அந்தக் கூரையை எத்தனை முறை தட்டியது என்று எண்ணியிருந்தால், பூஜைமணிக்கு வேலை இருந்திருக்காது.

படியில்லாத வாழ்க்கையின் சுகங்களைச் சொல்லிவிடுகிறேன். கரையிலிருந்து படகுக்கு ஒரு பலகை. ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கும்போது அது பலகை. வடிந்துவிட்டால் படகு கீழே சேற்றுக்குப் போய்விடும், பலகை செங்குத்தாகத் தொங்கும். அதாவது, அதுவும் மாடிப்படிதான், படிகளைப் பிடுங்கிவிட்ட மாடிப்படி. அதில் கொடிமரம் நாலு காலில் ஏறுவார். குரங்கு என்ற சொல்லை நான் சொல்லவில்லை, அவரே முன்னால் சொன்னதுதான்.

தண்ணீர் சுமக்கப் பயந்துதானே ஓடினார்? ஓடைத் தண்ணீரைக் குடிக்க முடியாது. ஆகவே கரையில் தெருக்கோடி வரை நடந்து, குடத்தில் பிடித்து, அந்தப் பலகையில் இறங்க வேண்டும். அது குடிக்கிற தண்ணீர். குடிக்காத தண்ணீர் படகின் அடிப்பலகை வழியாகத் தானே வரும். அதை விடியற்காலையில் எண்ணெய் டின்னால் அள்ளி வெளியே கொட்ட வேண்டும். ஆக, பாதி நாள் தண்ணீரை உள்ளே கொண்டுவருவார், மீதி நாள் வெளியே கொண்டுபோவார். ஆறாவது மாடியில் ஒரு வழியில் மட்டும் இருந்த வேலை இங்கே இரண்டு வழியானது.

சமையல் குந்தியபடி. குளியல் குந்தியபடி. சட்டை மாட்டுவதும் குந்தியபடி. ஒரு கை சட்டைக்குள் போனால் இன்னொரு கை கூரைக்குள் போய்விடும். படுத்தபிறகு புரண்டு படுக்க ஆசை வந்தால் எழுந்து உட்கார்ந்து, திசை பார்த்து, மெதுவாகத் திரும்ப வேண்டும். அவசரமாகப் புரண்டால் படகும் கூடவே புரளப் பார்க்கும். தண்ணீர் வடியும்போது படகு சேற்றில் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். அப்போது மதியத் தூக்கத்தில் இருந்தால் அவர் மெல்லச் சரிந்து, விளிம்போடு ஒட்டி, நனைந்த துணிமாதிரி கிடப்பார்.

"சாஞ்சு படுத்தா ரத்த ஓட்டத்துக்கு நல்லதாம்" என்றார் என்னிடம்.

"யாரு சொன்னது?"

"எனக்கே தோணுச்சு."

அடுத்த படகில் டோ ம்யா என்ற பர்மிய அம்மாள் குடும்பத்தோடு இருந்தார். படகிலேயே பிறந்தவர், உயரமும் படகுக்கு அளவாக இருந்தது. கொடிமரம் தலையில் இடித்துக்கொள்ளும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் அங்கிருந்தே "யாபாடே, யாபாடே" என்பார். பரவாயில்லை, பரவாயில்லை என்று அர்த்தம். இடிபட்டவர் சொல்ல வேண்டியதை இடிக்காதவர் சொன்னதில் கொடிமரத்துக்குக் கோபம்.

மனைவி ராசாத்தி அக்கா வீட்டைவிட்டு அசையவில்லை. "தண்ணி தூக்கப் பயந்து தண்ணியிலயே போயி உக்காந்துட்டாரு. நனையட்டும்" என்றார். ஆனால் சோறு மட்டும் அனுப்பாமல் இருக்க அவரால் முடியவில்லை. எங்கள் மாடிவீடுகளில் பலகணியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும். கீழே இருப்பவர் இழுத்தால் மேலே மணி அடிக்கும். பத்திரிகை, கீரை, மருந்து எல்லாம் அந்தக் கயிற்றில்தான் ஏறும். கொடிமரம் மதியம் வந்து தன் சொந்த வீட்டு மணியைத் தெருவில் நின்று இழுப்பார். அக்கா கேரியரை இறக்குவார். ஒரு வருடம் போல இந்தக் குடும்பம் இப்படித்தான் நடந்தது.

ஒரு நாள் கேரியரை இறக்கிய அக்கா மேலேயிருந்து கத்தினார்.

"என்னாங்க, உங்களுக்குக் கூன் விழுந்திருக்கு!"

"நீ மேல இருந்து பாக்குற, அதான் அப்படித் தெரியுது!"

"எனக்குப் பாத்துப் பழக்கமில்லாத முதுகா? விழுந்திருக்குங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. நானும் பார்த்தேன். அக்கா சொன்னது சரி. எங்கள் கொடிமரம் வளைந்திருந்தது. கழுத்து முன்னால் நீண்டு, தோள் இறங்கி, கைகள் முழங்காலைத் தேடிக்கொண்டிருந்தன. தேநீர்க்கடையில் அசையாத நாற்காலியில் உட்கார்ந்தே லேசாக ஆடினார். திறந்தவெளியில் நடக்கும்போது, இல்லாத எதற்கோ தலையைக் குனிந்தார். கோயிலுக்கு வந்தவர், யானை நுழைகிற கோபுர வாசலில் குனிந்து நுழைந்தார். பக்தி என்று நினைத்து ஒரு கிழவர் அவரைக் கும்பிட்டதும் நடந்தது.

திருவிழா வரப்போகிறது. அதற்கு முன்னால் தோள் பார்க்கிற நாள் வரும்.

தோள் பார்ப்பது எங்கள் கோயில் வழக்கம். முன் தண்டுக்காரர்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, தோளோடு தோளாக ஒரு மூங்கிலை வைப்பார்கள். அதன் நடுவில் நிறைய நீர் ஊற்றிய செம்பு. செம்பு நின்றால் ஜோடி சரி. சரிந்தால் ஆளை மாற்றுவார்கள். இதில் சிபாரிசு செல்லாது. பொறுப்பு ஊ முத்தையா. பெரியவர்களுக்கு இங்கே 'ஊ' சேர்ப்பது மரியாதை. மரியாதைக்கு உரியவர்தான், செம்பு விஷயத்தில் மட்டும் இரக்கம் கிடையாது.

மூங்கிலை வைத்தார். செம்பை வைத்தார். கையை எடுத்த உடனே செம்பு கொடிமரத்தின் பக்கம் சறுக்கி, அவர் காலில் விழுந்து, ஊ முத்தையாவின் லோஞ்சிக் கைலியை நனைத்தது.

"தரை சரியில்ல" என்றார் கொடிமரம்.

இடம் மாற்றி நின்றோம். மறுபடியும் விழுந்தது.

"செம்பு சரியில்ல."

"ஏம்ப்பா, செம்பும் தரையும் போன வருசம் உள்ளதுதான். நீதான் புதுசா இருக்க" என்றார் ஊ முத்தையா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த வருசம் குடை பிடிச்சுக்கிட்டு வா. அதுவும் அம்மனுக்குச் செய்யுறதுதான்."

"குடையா? நான் குடை பிடிக்கிற ஆளா?"

"அந்தப் படகைவிட்டு வெளிய வா. அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பாப்போம். நிமிந்தா தண்டு. இல்லன்னா குடை."

இந்த இடத்தில் புத்தியுள்ள மனிதன் என்ன செய்வான்? படகை விற்றுவிட்டு வீட்டுக்குப் போவான். கொடிமரம் படகையும் விடவில்லை, தண்டையும் விடவில்லை. உடம்பை நிமிர்த்தக் கிளம்பினார். முதல் நாள் கரையில் இருந்த மரக்கிளையில் வௌவால் போலத் தொங்கினார். கிளை நிமிர்ந்தது, அவர் சேற்றில் இருந்தார். அடுத்த நாள் முதுகோடு ஒரு மூங்கிலைக் கட்டிக்கொண்டார். குனிய முடியாமல் படகுக்குள் நுழைய முடியவில்லை, வெளியே நின்றே அன்றைய பொழுதைக் கழித்தார். மூன்றாவதாக ஒரு யோசனை வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

கூரையில் தலை அளவுக்கு ஓட்டை போட்டார். போட்டு, நடுப்படகில் நிமிர்ந்து நின்றார். உடம்பு உள்ளே, தலை வெளியே. உள்ளே கைகள் பெட்டிமேல் தூக்கி வைத்த அடுப்பைத் தடவிச் சமைத்தன, வெளியே முகம் ஓடையைப் பார்த்தது. நான் போனபோது கூரைமேல் ஒரு தலை மட்டும் உட்கார்ந்து என்னை "வாடா" என்றது. பயந்துவிட்டேன்.

டோ ம்யா சிரித்து முடிக்க முடியாமல், "உங்க அண்ணன் படகு முளை விட்டிருக்கு பாத்தீங்களா?" என்று பர்மியத்தில் கேட்டார். அந்த நேரம் ஒரு காகம் வந்து உச்சந்தலையில் உட்கார்ந்தது. அடிக்கக் கை இல்லை, இரண்டும் கீழே குழம்பில் இருந்தன.

"யாபாடே" என்றார் டோ ம்யா.

அன்று நான் கோபத்தில் ராசாத்தி அக்காவிடம் போனேன். ஆறு மாடியும் ஏறித்தான் போனேன். "அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிடுங்க. இந்தப் பைத்தியக்காரத்தனத்துல தண்டு போயிடும்" என்றேன்.

அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"தண்டுக்காகத்தானே தம்பி அங்க போனாரு."

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு மூணாவது மாடியில உக்காந்தாருல்ல? மூச்சு வாங்கிருச்சு. அந்த வீட்டுப் பொண்ணு வெளிய வந்து, ‘குடுங்க ஐயா, நான் தூக்கிட்டு வாறேன்’னு வாளியை வாங்கிருச்சு. நல்ல மனசுலதான் வாங்குச்சு. அம்மனைத் தூக்குற ஆளுகிட்ட இருந்து அரை வாளித் தண்ணியை ஒரு பொண்ணு வாங்கிக்கிச்சுன்னு வெளிய தெரிஞ்சா, தண்டு என்னாகும்? படியில நாலு பேரு பாப்பாங்க. படகுல யாரு பாக்கப் போறா?" வெங்காயத்தை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "இந்த வெங்காயம் ரொம்பக் காரம்."

நான் இறங்கி வந்தேன். மூச்சு வாங்குவதை மறைக்க ஒரு மனிதன் முதுகையே வளைத்துக்கொண்டான் என்றால், அதைவிட மடத்தனம் உண்டா? இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. கொடிமரம் வெள்ளைவேட்டி கட்டி, முகம் முழுவதும் விபூதி பூசி, முடிந்தவரை நிமிர்ந்து வந்தார். முடிந்தவரை என்பது கேள்விக்குறியின் மேல்பாதி அளவு. பக்கத்தில் நின்றோம். அவர் தோள் இன்னும் என் தோளுக்குக் கீழேதான் இருந்தது. ஊ முத்தையா மூங்கிலை எடுத்தார்.

நானும் வேட்டிதான் கட்டியிருந்தேன். வேட்டிக்குள் ஒருவனுடைய முழங்கால் என்ன செய்கிறது என்று யாருக்குத் தெரியும்?

செம்பு நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"பாத்தீங்களா?" கொடிமரம் கோயிலே அதிரக் கத்தினார். "எல்லாம் அந்த ஓட்டை! நிமுத்திருச்சு பாத்தீங்களா!"

ஊ முத்தையா செம்பைப் பார்த்தார். பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நீ என்னப்பா குட்டையாயிட்ட?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் செம்பில் இருந்த நீரை மெதுவாகச் செடிக்கு ஊற்றினார். "சரி. வலது தண்டு பழைய ஆளே" என்றார்.

நிற்பது வேறு, நடப்பது வேறு. பல்லக்குத் தூக்கிய அந்த மாலை, முழங்காலை மடக்கியபடியே தெருத்தெருவாக நடந்தேன். முதல் தெருவிலேயே தொடை எரிந்தது. இரண்டாவது தெருவில் அது என் தொடையாகவே இல்லை. பின்தண்டுக்காரர்கள் எப்போதும் போல நிமிர்ந்திருந்ததால் பல்லக்கு முன்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தது. நான் பயந்தேன். ஆனால் வாசலில் தட்டேந்தி நின்ற பெண்கள், "அம்மா இந்த வருசம் நம்மளக் குனிஞ்சு பாத்துக்கிட்டு வாறா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு பாட்டி அழுதே விட்டாள்.

கொடிமரம் வீட்டுக் கட்டடத்தின் கீழே பல்லக்கு நின்றபோது ராசாத்தி அக்கா இறங்கி வந்து தேங்காய் உடைத்தார். அம்மனைக் கும்பிட்டுவிட்டு, தண்டுக்குக் கீழே நின்ற தன் மனிதரைப் பார்த்தார். பிறகு என் வேட்டியைப் பார்த்தார். எனக்கும் ஒரு வாய் இளநீர் கொடுத்தார்.

கொடிமரமோ வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

"நேரா நடடா! ஏண்டா கூனிக்கிட்டே வாற? வயசாயிருச்சா உனக்கு? தூக்க முடியலன்னா சொல்லு, முத்தையாகிட்ட சொல்லி உனக்குக் குடை வாங்கித் தாறேன்."

"சரிண்ணே" என்றேன்.

"சரிண்ணே, சரிண்ணே. தோளைத் தூக்கு!"

தூக்கவில்லை.

அவர் இன்னும் படகில்தான் இருக்கிறார். கூரை ஓட்டையை மழைக்காகத் தார்ப்பாய் போட்டு மூடியாகிவிட்டது. அடுத்த திருவிழா நெருங்குகிறது. போன வாரம் பார்த்தேன், இன்னும் இரண்டு விரல் இறங்கியிருக்கிறார், முட்டாள் மனிதர். கடை மூடிய பிறகு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவே நான் இன்னும் இரண்டு விரல் தாழ்ந்து நடந்து பழகிக்கொண்டிருக்கிறேன்.